கறவைப் பசுவும் கேரளத்து வெயிலும்

தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் நம்மவர், கோடைக் காலத்தில் திருவனந்தபுரத்தை எண்ணிப் பெருமூச்செறிவது உண்டு. அங்கே அனற்காற்று வீசி, வெப்பமானி 44 டிகிரி சென்டிகிரேடைத் தொடும் நாட்களில், இங்கே அது 33 அல்லது 34 டிகிரியோடு நின்றுவிடுகிறது. தென்னந்தோப்பும் குளமும் கடற்காற்றும் வாய்ந்த இந்நகரத்தின் சுற்றுப்புறத்தில் பசும்புல்லை மேய்ந்து நிற்கும் பசுவுக்கு என்ன குறை இருக்க முடியும் என்று அவர்கள் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், சென்ற அறுபது ஆண்டுகளில் கேரளத்தின் தொழுவங்களில் நிகழ்ந்த ஒரு பெரிய மாறுதலைக் காண நேர்கிறது. அம்மாறுதலால் விளைந்த நன்மை பெரிது. அதற்கு நாம் கொடுத்து வரும் விலையும் சிறிதன்று. அவ்விலையைக் கொடுப்பவர்களுள் முதன்மையானவை வாயில்லாத பசுக்கள் என்பதனால், இவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது.

பசு ஓர் உலைக்களத்தைத் தன் வயிற்றில் சுமந்து திரியும் பிராணி. அது தின்னும் வைக்கோலும் புல்லும் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்படுகின்றன. அப்போது வெப்பம் எழுகிறது. தின்றது பாலாக மாறும்போது மேலும் வெப்பம் எழுகிறது. எனவே எவ்வளவுக்கெவ்வளவு ஒரு பசு மிகுதியாகப் பால் கறக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் உடல் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் மிகுதி. மனிதனைப்போல அது தாராளமாக வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தும், ஓரளவு வியர்த்தும், காற்றில் நின்றும்தான் அது தன்னைத் தணித்துக்கொள்கிறது. மூச்சும் வியர்வையும் பயன்தர வேண்டுமானால், அந்த ஈரத்தைக் காற்று உறிஞ்ச வேண்டும். ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்து கிடக்கும் காற்று அதனை எங்ஙனம் உறிஞ்சும்? திருவனந்தபுரத்துப் பசுவின் இடுக்கண் இங்கேதான் தொடங்குகிறது.

இந்நகரின் காற்றையும் வெப்பத்தையும் முறையாக அளந்து எழுதிவைக்கும் வழக்கம் பழமையானது. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில், 1837ஆம் ஆண்டில், இங்கே வானாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஆலப்புழையில் வாணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட் என்ற ஆங்கிலேயர் அதன் முதல் தலைவரானார். விண்மீன்களை நோக்குவதற்காக எழுந்த அந்நிலையத்தில் வெப்பமும் காற்றழுத்தமும்கூட அளக்கப்பட்டு வந்தன. கடலோரமாகிய இவ்வூரில் பகலுக்கும் இரவுக்கும், ஒரு பருவத்துக்கும் மற்றொரு பருவத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு மிகக் குறைவு. மனிதருக்கு இது சுகம். பகலெல்லாம் உடலில் சேர்ந்த வெப்பத்தை இரவில் இறக்கிவைக்கக் காத்திருக்கும் பசுவுக்கோ இது பெருந்துன்பம்.

வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகக் கூறும் முறையை அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த தாம் என்பவர் 1959ஆம் ஆண்டில் மனிதருக்காக வகுத்தார். சில ஆண்டுகளுக்குள் மிசௌரி மாநில ஆராய்ச்சியாளர்கள் அதனைக் கறவை மாடுகளுக்குப் பொருத்திப் பார்த்தனர். இதனை வெப்ப ஈரக் குறியீடு எனலாம். ஐரோப்பிய இனப் பசுக்களுக்கு இக்குறியீடு 72ஐத் தாண்டினால் பால் குறையத் தொடங்கும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. இன்றைய உயர் கறவைப் பசுக்களுக்கு 68 என்பதே சரியான எல்லை என்போரும் உளர். நம் நாட்டு இனங்கள் இதனினும் உயர்ந்த அளவைத் தாங்கும். கலப்பினங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரவலாக வழங்கும் வாய்பாடு ஒன்றின்படி, 38 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 20 பங்கு ஈரப்பதமும் உள்ள வறண்ட வடநாட்டுப் பகலில் குறியீடு ஏறத்தாழ 81 ஆகும். 31 டிகிரி வெப்பமும் 75 பங்கு ஈரப்பதமும் உள்ள கடலோரப் பகலில் அது ஏறத்தாழ 84 ஆகிறது. வெப்பமானியில் ஏழு டிகிரி குறைவு. பசுவின் துன்பமோ மிகுதி! இரவைக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். 25 டிகிரி வெப்பமும் 35 பங்கு ஈரப்பதமும் உள்ள வறண்ட இரவில் குறியீடு 70. அதே 25 டிகிரியில் ஈரப்பதம் 90 பங்காக இருந்தால் அது 76. முன்னதில் பசு இளைப்பாறுகிறது. பின்னதில் விடியும் வரையிலும் அதற்கு ஓய்வில்லை. தில்லிவாழ் அன்பர்கள் தங்கள் ஊரின் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தை நினைவுகூர்ந்தால், இக்கணக்கின் உண்மை எளிதில் விளங்கும்.

இத்தகைய சீதோஷ்ணத்தில் கேரளத்தார் முன்னாளில் எவ்வாறு மாடு வளர்த்தனர்? அக்காலத்துப் பசு உருவில் மிகச் சிறியது. கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டுக் காயலை அடுத்த வைக்கம் வட்டத்தில் வெச்சூர் என்று ஓர் ஊர் உண்டு. அவ்வூரின் பெயரைத் தாங்கிய வெச்சூர்ப் பசு இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அதன் உயரம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்; வளர்ந்த ஒரு மனிதரின் இடுப்பளவே வரும். நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று லிட்டர் பால் கறக்கும். வைக்கோலையும் தோப்பில் முளைத்த புல்லையும் சமையற்கட்டின் மிச்சத்தையும் தின்று அது உயிர் வாழ்ந்தது.

சிறிய உடலில், எடையோடு ஒப்பிடுமிடத்துத் தோலின் பரப்பு மிகுதி. சிறு கிண்ணத்திலிட்ட கஞ்சி, பெரிய பானையிலுள்ள கஞ்சியைவிட விரைவில் ஆறிப்போவது போல, சிறிய பசு தன் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. பால் குறைவாதலின் உள்ளே எழும் வெப்பமும் குறைவு. மேய்ச்சலும் அதற்கேற்றவாறே அமைந்திருந்தது. பலாவும் மாவும் தென்னையும் கலந்து நின்ற வீட்டுத் தோப்பில், நீண்ட கயிற்றில் கட்டி மேய்ப்பார்கள். அறுவடை முடிந்த வயல்களில் காலையிலும் மாலையிலும் அவிழ்த்துவிடுவார்கள். தொழுவம் ஓலையால் வேயப்பட்டிருக்கும். பக்கச் சுவர்கள் பெரும்பாலும் இரா. இவற்றுள் எதனையும் எவரும் விஞ்ஞானம் என்று பெயரிட்டுச் செய்யவில்லை. எனினும் வெயிலின் கொடுமையைத் தணிப்பதற்குரிய மூன்று வழிகளாகிய ஏற்ற உடல், நிழல், காற்று ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே அமைந்திருந்தன.

ஆனால் அந்தப் பசுவின் பால் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டில், நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு இணைய, திருவனந்தபுரம் புதிய கேரள மாநிலத்தின் தலைநகராயிற்று. மக்கள்தொகை நெருக்கமும் வறுமையும் மிகுந்திருந்த அம்மாநிலத்தில், குழந்தைகளுக்குப் பால் வேண்டும் என்பதும், நிலமில்லாத குடும்பங்களுக்குத் தொழில் வேண்டும் என்பதும் அரசினர் முன் நின்ற இரு பெருங்கவலைகள். மூன்று லிட்டர் கறக்கும் பசுவை வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் தீர்த்தல் அரிது. ஆதலின் மாட்டினத்தையே மாற்றியமைப்பது என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் வியப்பில்லை.

1961ஆம் ஆண்டில் கேரளக் கால்நடை அபிவிருத்திச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமம் இல்லாத காளைகளை இனப்பெருக்கத்துக்கு வைத்திருத்தல் கூடாதென்றும், அவற்றுக்கு விதையடிக்க வேண்டுமென்றும் அச்சட்டம் வகுத்தது. 1963ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டின் உதவியோடு இந்தோ சுவிஸ் திட்டம் தொடங்கிற்று. மூணாற்றுக்கு அருகில், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள மாட்டுப்பட்டி அதன் மைய நிலையமாயிற்று. ஆல்ப்ஸ் மலைச் சாரலிலிருந்து பிரௌன் ஸ்விஸ் இனக் காளைகள் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றின் விந்து உறைநிலையில் பாதுகாக்கப்பட்டு, மலையிலிருந்து இறங்கிச் சமவெளிக் கிராமங்கள்தோறும் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படலாயிற்று. நாட்டுப் பசுக்களோடு இக்காளைகள் கலந்து உருவான புதிய இனத்துக்குச் சுனந்தினி என்ற அழகிய பெயர் சூட்டப்பட்டது. பிற்காலத்தில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களின் கலப்பும் அதில் சேர்ந்தது. 1976ஆம் ஆண்டில் இப்பணிகளை நடத்துவதற்கென்று அமைந்த வாரியமே, இன்று திருவனந்தபுரத்துப் பட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் கேரளக் கால்நடை அபிவிருத்தி வாரியம். 1980ஆம் ஆண்டில் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பும் இந்நகரிலேயே தலைமையிடம் கொண்டு எழுந்தது. அதன் மில்மா என்ற பெயரை இன்று அறியாதார் இல்லை.

வெற்றி கண்கூடாயிற்று. இன்று கேரளத்து மாடுகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை கலப்பினத்தைச் சேர்ந்தவை. கலப்பினப் பசு ஒன்று நாளொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 10 லிட்டர் பால் தருகிறது. ஒன்றிரண்டு பசுக்களை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்கள் இம்மாநிலத்தில் எண்ணிறந்தோர். இந்நன்மையைக் குறைத்துக் கூறுதல் நன்றி மறத்தலாகும்.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். மாட்டுப்பட்டியில் 20 டிகிரி வெப்பமும் 80 பங்கு ஈரப்பதமும் உள்ள நாளில் நாம் மேலே கண்ட குறியீடு 67தான். அங்கே நின்ற காளைக்கு எந்தத் துன்பமும் இல்லை. அக்காளையின் மகளோ கடலோரக் கிராமத்தில் பிறந்து, 84 என்ற குறியீட்டில் நின்று பால் கறக்க வேண்டியிருந்தது. தந்தை வழியில் அதற்குப் பால் வளம் வந்தது. பருத்த உடலும் மிகுந்த பசியும் உடன் வந்தன. தாய் வழியில் வந்த வெயில் தாங்கும் ஆற்றலோ ஒவ்வொரு தலைமுறைக் கலப்பிலும் குறைந்துகொண்டே போயிற்று. இதனை உணர்ந்தே அயல்நாட்டு இரத்தத்தை ஏறக்குறைய பாதியளவோடு நிறுத்த வேண்டும் என்ற கொள்கையைக் கேரளத்துக் கால்நடை அறிஞர்கள் பின்னர் வகுத்தனர். எனினும் அதிகப் பாலை விரும்பும் உழவர், அயல்நாட்டுக் கலப்பு மிகுந்த மாடுகளையே நாடினர். பொள்ளாச்சி முதலிய தமிழ்நாட்டுச் சந்தைகளிலிருந்தும் கறவை மாடுகள் மலைக் கணவாயைக் கடந்து வந்தவண்ணம் இருந்தன.

உலகத்தின் மற்றொரு பகுதியில் இதற்கு நேர்மாறான செயல் நடந்துகொண்டிருந்தது என்பது இவ்வரலாற்றின் விந்தை. அமெரிக்காவின் தென்பகுதியில், புழுக்கம் மிகுந்த கடலோர மாநிலங்களில், ஐரோப்பிய மாடுகள் வெயிலுக்கும் உண்ணிக்கும் ஆற்றாமல் நலிந்தன. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அந்நாட்டார் இந்தியாவின் திமிலுடைய மாடுகளைக் கப்பலேற்றிச் சென்றனர். கீர், காங்கிரேஜ், ஓங்கோல் முதலிய நம் இனங்களிலிருந்தே பிராமன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க இனம் உருவாயிற்று. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஓங்கோல் மாடு, நெல்லூர் மாவட்டப் பெயரால் நெலோர் என்று வழங்கப்பெற்று, பிரேசில் நாட்டின் மேய்ச்சல் நிலங்களை நிறைத்துவிட்டது. பிரேசில் நாட்டார் கடைசியாகப் பெருமளவில் நம் காளைகளைக் கொண்டுசென்றது 1960களின் தொடக்கத்தில். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் ஆல்ப்ஸ் மலைக் காளைகள் மாட்டுப்பட்டிக்கு வந்தன. அவர்கள் நம்மிடமிருந்து வெயில் தாங்கும் வலிமையைப் பெற்றனர். நாம் அயலாரிடமிருந்து பால் வளத்தைப் பெற்றோம். இரண்டும் தேவையே. ஆனால் அவர்கள் தேடிச் சென்ற செல்வம் நம்மிடம் இருந்ததை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அச்செல்வத்தின் மதிப்பை மேனாட்டு ஆராய்ச்சிக் கூடங்கள் அப்போதே அளந்து காட்டியிருந்தன. மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் பிராடி என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், வெப்பத்தை விரும்பியவாறு கூட்டவும் குறைக்கவும் வல்ல அறைகளை அமைத்தனர். அவற்றில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன், பிரௌன் ஸ்விஸ் பசுக்களையும், இந்திய வழியில் வந்த பிராமன் பசுக்களையும் நிறுத்தி 1940களின் பிற்பகுதியிலும் 1950களிலும் ஆராய்ந்தனர். வெப்பம் ஏற ஏற, ஐரோப்பியப் பசுக்களே முதலில் தீனியைக் குறைத்தன, பாலும் குறைந்தது. பிராமன் பசு அவற்றைக் காட்டிலும் பல டிகிரி மிகுந்த வெப்பத்திலும் நிலைகுலையாமல் நின்றது.

நம் நாட்டில் அச்செல்வம் அழிவின் விளிம்பு வரை சென்றது. நாட்டுக் காளைகளுக்கு விதையடித்தும், பசுக்களுக்கு அயலினக் கருவூட்டியும் வந்ததில், 1980களின் இறுதியில் வெச்சூர்ப் பசு கண்ணில் படுவதே அரிதாயிற்று. 1989ஆம் ஆண்டில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சோசம்மா ஐப்பு, தம் மாணவர்களோடு கிராமம் கிராமமாக அலைந்து, எஞ்சியிருந்த சில பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அவற்றைக் கொண்டே அவ்வினம் மீண்டும் பெருகிற்று. 1998ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அறக்கட்டளையும் தோன்றிற்று. 2022ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துப் பெருமைப்படுத்தியது. இளம் மாணவர்கள் சிலரும் ஓர் ஆசிரியையும் முயலாதிருந்தால், பன்னூறு ஆண்டுகளாக இம்மண்ணின் வெயில் செதுக்கி உருவாக்கிய ஓர் உயிரினத்தைப் படத்தில் மட்டுமே நாம் கண்டிருப்போம்.

இச்செய்திகளெல்லாம் பழங்கதை என்று எண்ணுவதற்கில்லை. 2024ஆம் ஆண்டுக் கோடையில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தது. அக்கோடையில் இரண்டு மாத காலத்தில் ஏறத்தாழ 500 கறவை மாடுகள் வெயிலால் இறந்தன என்று மாநில அமைச்சரே அறிவித்தார். பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை மாடுகளைத் திறந்த வெளியில் மேய்க்கவோ கட்டிவைக்கவோ வேண்டாமென்று கால்நடைத் துறை உழவர்களை எச்சரித்தது. இறந்துபடும் மாடு கணக்கில் வருகிறது. இறவாமல் மெலியும் மாடு கணக்கில் வருவதில்லை. கோடையில் தீனி குறைந்து, பால் குறைந்து, சினை நிற்காமல் போகும் பசுவால் ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருவாயே சிதைகிறது. சினைக் காலத்தின் கடைசி வாரங்களில் தாய் வெயிலில் வாடினால், பிறக்கும் கன்று பிற்காலத்தில் தரும் பாலும் குறைகிறது என்பதைப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிகள் இந்நூற்றாண்டில் காட்டியுள்ளன.

இனி, மேயும் பசுவின் வெப்பத்தைத் தணிக்கும் வழிகளுக்கு வருவோம். முதல் வழி நேரம். 1946ஆம் ஆண்டில் லூயிசியானாவில் சீத், மில்லர் என்ற இருவர், புழுக்கமான கோடையில் கறவைப் பசுக்கள் மேயும் நேரத்தைக் குறித்துவைத்தனர். பசுக்கள் பகல் மேய்ச்சலைத் தாமே குறைத்துக்கொண்டு, இரவில் மிகுதியாக மேய்ந்தன. பசு தானாகவே கண்டறிந்த இந்த ஒழுங்கை மனிதன் குலைக்காதிருந்தாலே பாதி நன்மை விளையும். விடியற்காலையிலும் மாலை மயங்கிய பின்னரும் மேய்த்தலும், வைக்கோலில் பெரும்பகுதியை இரவில் இடுதலும் நன்று. தின்ற சில மணி நேரத்துக்குப் பின்னரே வயிற்றினுள் வெப்பம் உச்சத்தை எட்டுகிறது. காலை 10 மணிக்கு வயிறு நிறையத் தீனியிட்டால், உள்வெப்பமும் உச்சி வெயிலும் ஒரே வேளையில் பசுவைத் தாக்கும்.

இரண்டாவது வழி நிழல். வெப்ப ஈரக் குறியீடு நிழலிலுள்ள காற்றை மட்டுமே அளப்பது. நேர் வெயிலில் நிற்கும் பசுவுக்குச் சூரியனின் கதிர் தரும் சுமை இதற்கு மேற்பட்டது. மர நிழலுக்கு ஈடான கூரையை மனிதன் இன்னும் கட்டவில்லை. இலைகள் கதிரைத் தடுப்பதோடு நீராவியை வெளியிட்டுத் தாமும் குளிர்ந்து நிற்கின்றன. தகடோ கதிரைத் தடுத்துத் தானே கொதிக்கிறது. இத்துறையில் நம் கொங்கு நாட்டு உழவர் கண்ட அமைப்பு போற்றத்தக்கது. காங்கேயம் மாடுகள் வளரும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தை அன்பர்கள் பலர் கண்டிருப்பார்கள். கிளுவை முள்வேலியால் நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவிடுவார்கள். ஒரு பாத்தியில் மேய்ச்சல் தீர்ந்ததும் மாடுகளை மறு பாத்திக்கு மாற்றுவார்கள். உச்சி வேளையில் மாடு வேலமர நிழலில் படுத்து அசைபோடும். கோடையில் அம்மரத்தின் காய்களும் அதற்கு உணவாகும். வறண்ட கொங்கு நாட்டுக்கும் ஈரமான கேரளத்துக்கும் மரம் வேறுபடலாம்; முறை வேறுபடாது. இங்கே பலாவும் மாவும் அவ்வேலையைச் செய்ய வல்லவை. ஆனால் தோப்புகள் மனைகளாகவும், கலப்பு மரத் தோட்டங்கள் ரப்பர்த் தோட்டங்களாகவும் மாறிய ஊர்களில் பசுவுக்கு உரிய நிழல் எஞ்சவில்லை. தாழ்ந்த தகரக் கொட்டகையே பல வீடுகளில் அதன் பகற்சிறை. அக்கூரையை உயர்த்தி, பக்கங்களைத் திறந்துவிட்டு, மேலே தென்னோலை பரப்பினாலும் கொடியைப் படரவிட்டாலும் சிறிது செலவில் பெரும் பயன் உண்டு.

மூன்றாவது வழி நீரும் காற்றும். கறவைப் பசு கோடையில் நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் வரையில் நீர் அருந்தக்கூடும். அந்நீர் எப்போதும் எட்டும் இடத்தில், நிழலில், குளிர்ச்சியாக இருத்தல் வேண்டும். கறவை முடிந்ததும் ஒரு வாளி காட்டுவது போதாது. உடலின் மேல் நீர் தெளிப்பதிலோ ஓர் எச்சரிக்கை உண்டு. 1980களில் இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், நீரைத் தெளித்தலையும் விசிறியால் காற்றை வீசுதலையும் மாறி மாறிச் செய்து பசுவின் உடல் வெப்பத்தைத் தணிக்கும் முறையை நிலைநாட்டினர். காற்றோட்டமில்லாத அடைத்த கொட்டகையில் நீரை மட்டும் தெளித்தால் ஈரப்பதம் ஏறி, புழுக்கம் மிகுந்து, நன்மைக்குப் பதில் தீமையே விளையும். கேரளம் போன்ற ஈர நாட்டில் இதனை மறத்தலாகாது. மாட்டின் வியர்வையில் பொட்டாசியம் என்னும் உப்பு மிகுதியாக வெளியேறுவதால், தாது உப்புக் கலவையைத் தீனியில் சேர்த்தலும் தேவை.

பசு துன்புறுகிறதா என்று அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கைக்கடிகாரம் ஒன்று போதும். விலாப்புறம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால், நலமான பசுவுக்கு அது பெரும்பாலும் 40ஐத் தாண்டாது. 80ஐ எட்டினால் அது வெப்பத்தோடு போராடுகிறது என்று பொருள். வாயைத் திறந்து, நாவை நீட்டி, எச்சில் ஒழுக நின்றால் ஆபத்து அருகில் உள்ளது. உடனே நிழலும் நீரும் காற்றும் தந்து, மருத்துவரை அழைக்க வேண்டும்.

இம்மூன்று வழிகளும் உழவர் கையில் உள்ளவை. நான்காவது வழி ஒன்று உண்டு. அது அரசினர் கையிலும் அறிஞர் கையிலும் இருப்பது. இனப்பெருக்கத்துக்கு ஒரு காளையைத் தெரிந்தெடுக்கும்போது, அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறந்தன என்ற கணக்கையே நாம் முதன்மையாக நோக்கி வந்திருக்கிறோம். அம்மகள்கள் ஏப்ரல் மாதத்தில் எத்தனை லிட்டர் கறந்தன, அப்போது சினை நின்றனவா, வெயிலை எங்ஙனம் தாங்கின என்ற கணக்கும் அதன் அருகே எழுதப்பட வேண்டும். பூமி முழுவதும் வெப்பமடைந்து வரும் இக்காலத்தில், வெயில் தாங்கும் ஆற்றல் பாலைப் போலவே விலைமதிப்புள்ள பண்பு. 1963இல் அதனை எண்ணாமல் விட்டதற்கு, பசித்த குழந்தைகளின் முகம் ஒரு காரணமாக இருந்தது. இன்று அத்தகைய காரணம் நமக்கு இல்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலருக்கு ஊரில் இன்னும் ஒரு துண்டு நிலமும், அதில் உறவினர் வளர்க்கும் ஓரிரு மாடுகளும் இருக்கக்கூடும். பணம் அனுப்பும்போது, கூடுதலாகக் கறக்கும் மாடு ஒன்று வாங்குமாறு எழுதுவது நம் வழக்கம். அம்மாடு நிற்பதற்கு நிழல் உண்டா, கூரை தாழ்ந்த தகரமா, பகல் முழுவதும் நீர் எட்டுமா என்றும் சேர்த்துக் கேட்டு எழுதுவது நன்று. புதிய மாட்டை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதற்கு நிழல் தரும் மரம் வளர ஆண்டுகள் பல ஆகும். ஆதலின் மரத்தை முதலில் நடுவதே முறை.